நாகர் தலைவன் கேட்ட அறம்

பயத்தால் ஒழுங்காக இருப்பவனை நல்லவன் என்று சொல்லலாமா? கயமை அதிகாரம் நடத்துகிற ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வி வகுப்பில் எழும். கீழ்மக்களிடம் ஒழுக்கம் என்று ஏதாவது தென்பட்டால் அதற்குக் காரணம் அச்சம்தான், அதற்கு மேல் கொஞ்சம் ஆசை இருக்கலாம் என்கிறார் வள்ளுவர். ஆவடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்திய காலமெல்லாம் இதை நான் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் பார்க்கிறார் என்று காப்பியடிக்காமல் இருக்கிறவனுக்கு வள்ளுவரிடம் மார்க் கிடையாது என்பேன்.

அப்படிக் கேட்ட பிள்ளைகளில் ஒருவன் இன்று போக்குவரத்துக் காவலில் இருக்கிறான். சனிக்கிழமை இரவுகளில் சி.டி.எச். ரோட்டிலோ பூந்தமல்லி பைபாஸிலோ பேரிகார்டு போட்டு வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்வது அவன் வேலை. ஒருநாள் காய்கறிக் கடை வாசலில் பார்த்தான். இரவெல்லாம் நின்றுவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. “தமிழம்மா, நீங்க சொன்ன கணக்குல பார்த்தா நாங்க ராத்திரி பூரா நின்னு ஊருக்குள்ள கயவர்களைத்தான் தயார் பண்றோம். ஒருத்தனும் திருந்தறதில்ல. பயப்படறான், அவ்வளவுதான்” என்றான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. குழாயில் வாயை வைத்து ஊதுவதாகப் பாவனை செய்கிறவர்கள், ஹால்ஸ் மிட்டாயையும் பாக்கையும் மென்றுகொண்டு வருகிறவர்கள், கவுன்சிலர் பெயரைச் சொல்கிறவர்கள், காலில் விழுந்து அழுகிறவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னான். மிட்டாயால் ஒரு பயனும் இல்லை. கருவி அளப்பது நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை. இரத்தத்தில் ஏறியது அந்தக் காற்றில் வந்தே தீரும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் அதைக் கரைக்கும். நூறு மில்லி இரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. முதல் முறை பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பு இரண்டாயிரமாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் ஏறியது. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில்.  

அவன் கேட்டதற்கு அன்று என்னால் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். ஒரு மாலை, இருட்டுகிற நேரம், கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தவர் மேல் ஒரு பைக் ஏறியது. வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஓட்டி வந்த பையன் தொழிற்பேட்டையில் சி.என்.சி. ஆபரேட்டர். கெட்டவன் இல்லை. சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கிறவன். தம்பியைப் பாலிடெக்னிக் படிக்க வைக்கிறவன். “எனக்கு எதுவுமே நினைப்பில்ல டீச்சர். நான் நிதானத்திலயே இல்ல” என்று என்னிடம் சொன்னான். அவன் அம்மாவும் அதையே சொல்லி அழுதாள். நிதானத்தில் இல்லாதவன் செய்ததை அவன் செய்ததாக எப்படிக் கொள்வது என்பதுதான் அவர்கள் இருவரும் கேட்டது. மேலோட்டமான கேள்வி இல்லை அது. வினைக்கு எண்ணமே மூலம் என்று நம்புகிற மண்ணில், எண்ணமே அணைந்துவிட்ட நேரத்து வினை யாருடையது?

வேறென்ன நினைப்பிருக்கிறது என்று கேட்டேன். ஷிப்ட் முடிந்தது, கடைக்குப் போனது, எதிரே புங்க மரத்தடியில் வண்டியை ஸ்டாண்டு போட்டது, ஹேண்டில் லாக் செய்தது, சாவியைச் சட்டைப் பையில் போட்டது எல்லாம் நினைவிருந்தது. அந்தச் சாவியோடுதான் உள்ளே போனான். எதில் வீட்டுக்குத் திரும்பப் போகிறான் என்று முதல் மடக்குக்கு முன்னால் அவனுக்குத் தெளிவாகத் தெரியும். இஸ்திரிக்காரரின் கால் போனது புங்க மரத்தடியில். தெருமுனையில் நடந்தது அதன் மிச்சம்.

அரிஸ்டாட்டில் தம் அறநூலில் இதைத் தொட்டிருக்கிறார். குடிபோதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை தரும் சட்டம் கிரேக்க நகரங்களில் இருந்ததைச் சொல்லி, குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது, அறியாமைக்குக் காரணம் அவனே என்று விளக்குகிறார். நம் சட்டமும் அந்த வழிதான். தனக்குத் தெரியாமலோ தன் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டவனுக்குத்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. தானே வாங்கி, தானே ஊற்றிக்கொண்டவனுக்கு அந்த விலக்கு இல்லை. இதை அந்தப் பையனிடம் நான் மென்மையாகச் சொல்லவில்லை.

இனி வள்ளுவருக்கு வருகிறேன். கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாவது அதிகாரம், பொருட்பாலில் இருக்கிறது. பத்துக் குறளையும் மறுபடி வாசித்தேன். குடிப்பவன் மதிப்பை இழக்கிறான், வெட்கம் அவனுக்கு முதுகு காட்டுகிறது, பெற்ற தாய்க்கே அவன் முகம் பிடிக்கவில்லை, ஊர் சிரிக்கிறது, பொருள் கொடுத்துத் தன்னை மறக்கும் நிலையை வாங்குகிறான். எல்லாம் அவன் இழப்பு. அவனால் காலை இழக்கும் அயலான் ஒருவன் அந்தப் பத்தில் எங்கும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வள்ளுவர் காலத்துக் குடிகாரன் வாய்க்கால் ஓரம் விழுந்து கிடப்பான். அவன் காலுக்குக் கீழே எஞ்சின் இல்லை. கயமை அதிகாரத்திலும் கேள்வி ஒரு மனிதனின் தரம் என்ன என்பதே. ரோட்டோரம் நிற்கிறவருக்கு அந்தத் தரம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது வண்டி வராமல் இருப்பது. இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கியதால்தான் என் மாணவனுக்குத் தன் வேலை கயவர் உற்பத்தியாகப் பட்டது.

அந்த அயலானை நான் மணிமேகலையில் கண்டேன். ஆதிரையின் கணவன் சாதுவன், கணிகை வீட்டிலும் சூதிலும் பொருளைத் தொலைத்தவன், கப்பல் உடைந்து ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையில் ஒதுங்குகிறான். கரை சேர்கிறவர்களைக் கொன்று தின்பது அவர்கள் வழக்கம். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் அன்போடு கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுத்து, மயக்கும் கள்ளையும் கொலையையும் அறிவுடையோர் விட்டுவிட்டதைச் சொல்லி, வினையையும் மறுபிறப்பையும் விளக்குகிறான். தலைவன் காலில் விழுகிறான். விழுந்தபடியே ஓர் உண்மையைச் சொல்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் தரிக்க முடியாது, சாகும்வரை எங்களுக்கு இயலக்கூடிய அறத்தைச் சொல்.

மணிமேகலையைப் பாடிய சாத்தனாருக்குப் பௌத்தத்தின் ஐந்து சீலமும் தெரியும். கள்ளை ஒழிப்பது அதில் ஒன்று. ஆனாலும் அவருடைய சாதுவன் “அப்படியானால் உனக்கு அறமே இல்லை, போ” என்று சொல்லவில்லை. நல்லது சொன்னாய் என்கிறான். கப்பல் உடைந்து இங்கே ஒதுங்குகிறவர்களைக் கொல்லாதே, அவர்கள் உயிரைக் காப்பாற்று. மூத்துச் செத்த விலங்கைத் தவிர எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே. கள்ளைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. பெரிய அறம் ஏற்கப்படாத இடத்தில், அயலான் உயிர் என்கிற அறத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறான்.

எங்கள் பள்ளியில் கணக்கு நடத்திய பூந்தமல்லிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, இஸ்லாத்திலும் மதுவிலக்கு ஒரே நாளில் வந்ததில்லை, படிப்படியாக வந்தது, நடுப்படியில் போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கட்டளை இருந்தது என்று நினைவுபடுத்தினார். குடிக்காதே என்பதற்கு முன்னால், குடித்த நிலையில் இதைச் செய்யாதே.

பேரிகார்டு போட்டு நிற்கிற காவலர் சொல்வதும் இதையேதான். அவர் யாரையும் குடியை விடச் சொல்லவில்லை. நடந்து போ, ஆட்டோவில் போ, தம்பியை வரச் சொல் என்கிறார். நாகர் தலைவனுக்குச் சொன்ன அறம் அது.

ஒரு வேறுபாட்டை மறைக்க மாட்டேன். நாகர் தலைவன் கேட்டுப் பெற்றான், மனம் ஒப்பி ஏற்றான். சோதனைச் சாவடியில் யாரும் கேட்டுப் பெறுவதில்லை, சட்டத்தின் கை தோளில் விழுகிறது. மனம் ஒப்பாத இடத்தில் அறம் உண்டா? ஓட்டுகிறவனைப் பொறுத்தவரை அங்கே அறம் இல்லை என்றே ஒப்புக்கொள்கிறேன். பத்தாயிரத்துக்குப் பயந்து சாவியைக் கொடுத்தவன் புண்ணியம் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் அவன் மனம் ஒப்பும்வரை இஸ்திரிக்காரர் காத்திருக்க முடியாது. அச்சம் அவனைத் திருத்துவதற்கு இல்லை. அவன் திருந்துவதற்குள் மற்றவர் உயிரோடு இருப்பதற்கு.

அப்படியென்றால் அந்த அச்சம் வேலை செய்கிற அச்சமாக இருக்க வேண்டும். தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதியே மனிதனைத் தடுக்கும் என்று 1764இலேயே இத்தாலியின் பெக்காரியா எழுதினார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் அதைச் சாலையில் செய்து பார்த்தது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறவர் எவரையும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். சாலைச் சாவுகள் குறைந்தன. நம் பக்கம் இன்னும் அந்த உறுதி வரவில்லை. மெயின் ரோட்டில் ஆள் நிற்பது தெரிந்தால் உள்தெருக்களில் புகுந்து போகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளும் அந்த உள்தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாத ஒன்று, எதிரே வருகிறவர்கள் ஹெட்லைட்டை அணைத்துப் போட்டு “முன்னாடி செக்கிங் நிக்குது” என்று காட்டுவது. தெருக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் போடுகிறார்கள். அப்படிச் செய்கிற என் அண்டை வீட்டுக்காரர் பக்திமான், ஆண்டுதோறும் மாலை போடுகிறவர், அன்னதானம் செய்கிறவர். பாவம், பத்தாயிரம் கட்டணுமே என்கிறார். அந்த இரக்கம் பொய்யில்லை. ஆனால் அது முகம் தெரிந்தவன் மீது மட்டும் விழுகிறது. அவர் வெளிச்சம் காட்டித் தப்பவிட்டவன் அடுத்த தெருவில் யாரைச் சந்தித்தான் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அரசைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடைகளையும் கையில் எடுத்தது. 2023–24இல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னது, வழக்கறிஞர் கே. பாலு நடத்திய தமிழ்நாட்டு வழக்கில்தான். ஆயிரக்கணக்கில் கடைகள் மூடப்பட்டன. அவை குடியிருப்புகளுக்குள் நகர்ந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று அதே நீதிமன்றம் விளக்கம் தந்தது. அரசே விற்கிறது, அரசே ஊதச் சொல்கிறது என்ற கோபம் எனக்கும் உண்டு. விற்கிற கை கறைபட்டது என்பதால் தடுக்கிற கையையும் விலக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளைப் பார்த்தும் பத்து மணிவரை விற்பவரிடம் ஒரு கேள்வியும் இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கேள்வி அங்கே தொடங்க வேண்டும், புங்க மரத்தடியில்.

2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் இன்னொன்றையும் அறிவித்தது. குடித்து ஓட்டுகிறவரோடு வருகிறவருக்கும், அவர் குடிக்காவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவின்படி உடந்தையாக இருந்ததற்கு அபராதம். நண்பனுக்கு இது சரி. கல்யாண வீட்டில் கணவன் குடித்துவிட்டு வந்து ஏறு என்கிறான், இடுப்பில் குழந்தை, மணி பதினொன்று, கையில் காசில்லை. ஏறுகிற பெண் உடந்தையா? நாகர் தலைவனின் ஊரில் கப்பல் உடைந்து ஒதுங்கியவளாகத்தான் அவள் எனக்குத் தெரிகிறாள். என் மாணவனைக் கேட்டேன். அப்படி வருகிறவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னான். சட்டம் அதைச் சொல்லவில்லை, அவன் செய்கிறான்.

எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் ஆடி வெள்ளிகளில் குடியை விடுவதாக வேண்டிக்கொண்டு கயிறு கட்டிக்கொள்கிறார்கள். சில மாதங்களில் பலருடைய கயிறு அறுந்துவிடுகிறது. அறுந்தவர்கள் அவமானத்தில் கோயில் பக்கமே வருவதில்லை. அவர்களுக்காக இன்னொரு கயிறு வேண்டும் என்று பூசாரியிடம் கேட்டேன்: குடித்த நாளில் வண்டியைத் தொட மாட்டேன் என்று மட்டும் சத்தியம். “பாதி சத்தியத்தை ஆத்தா ஏத்துக்க மாட்டா அம்மா. குடிக்க உத்தரவு குடுத்த மாதிரி ஆயிடும்” என்றார். சாதுவன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அது பௌத்தக் கதையாச்சே என்றார். தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவருக்கு எந்த மதத்துக் கதை என்பதா முக்கியம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. வருகிற ஆடிக்கு முன்னால், என் மாணவனையும் அழைத்துக்கொண்டு மறுபடி போய்க் கேட்கப்போகிறேன்.