1.2 மில்லிமீட்டர் உண்மை

தாலினில் வேலை பார்த்தபோது, ஒரு சனிக்கிழமை நண்பனின் கிடங்கில் உட்கார்ந்து அமெரிக்க மிட்டாய்ப் பாக்கெட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டினேன். எஸ்டோனியாவில் சுமார் 13 லட்சம் பேர்தான். அவர்கள் மொழியில் தனி உறை அடிப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் சட்டம் விடாது: சேர்மானமும் ஒவ்வாமைப் பொருட்களும் எஸ்டோனிய மொழியில் இருக்கணும். தயாரிப்பவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால், அந்தத் தகவலுக்கு இறக்குமதியாளர்தான் பொறுப்பு.

அங்கே 'ரெட் 40', இங்கே இ129. அது உட்பட ஆறு நிறமிகளில் எது இருந்தாலும், 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்று 2010 ஜூலையிலிருந்து எச்சரித்தாக வேண்டும்.

"பின்பக்கம் போட்டுடலாம். எழுத்து 1.2 மில்லிமீட்டர் இருந்தாப் போதும்டா" என்றான். "2007ல வந்த சவுத்தாம்ப்டன் ஆய்வே உறுதியான ஆதாரம் இல்லன்னு சொல்றாங்க."

ஆதாரம் வலுவாக இல்லை என்பது சரிதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2008இல் அப்படித்தான் சொன்னது.

சாயங்காலம் அவன் மகள் வந்து ஒரு பாக்கெட் கேட்டாள். "இது வேணாம்மா, வேற தரேன்" என்றான்.

அவனைப் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே சந்தேகம் இரண்டு வேலை செய்தது. தன் பிள்ளைக்குக் கொடுக்காமலிருக்க அது போதுமான காரணம். ஊரார் பிள்ளைக்கு எழுத்தைச் சிறிதாக்கவும் அதுவே காரணம். படிக்க முடிகிறதா என்பதோடு சட்டம் நின்றுவிடும். படிக்கப்பட வேண்டும் என்று நாம் விரும்பினோமா என்பதை மனசாட்சிதான் கேட்கும்.

ஸ்டிக்கரில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும்தான். எழுத்தளவு 1.2 என்று டைப் செய்து கொடுத்தவன் நான்.