கடிபட்ட பூனைக்கு வீட்டார் பட்ட கடன்

மனிதரோடு வாழும் விலங்குகளுள் பூனையின் நிலை தனியானது. மாடும் ஆடும் குதிரையும் பிடித்துக் கட்டிப் பழக்கப்பட்டவை; நாய் வேட்டைத் துணையாக மனிதரோடு நடந்து வந்தது; பூனையோ, மேற்காசியாவில் உழவு தோன்றித் தானியக் குதிர்கள் எழுந்த காலத்தில், அக்குதிர்களை நாடிவந்த எலிகளை நாடித் தானாக வந்து சேர்ந்த காட்டுயிர். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்த செய்தியை 2004-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவ்வளவு பழைய உறவாயினும், இன்றுவரை பூனை எவருக்கும் முழு உடைமை ஆகிவிடவில்லை. பகலெல்லாம் கட்டிலில் உறங்கி இரவில் மதிலேறிப் போகும் அவ்வுயிர், ஒரு விடியலில் நொண்டியபடி திரும்பி அலமாரிக்கு அடியில் புகுந்துகொள்ளும்போது ஒரு வினா எழுகிறது: கட்டிவைக்கப்படாத உயிர் தன் போக்கில் சென்று தேடிக்கொண்ட காயத்திற்கு, வீட்டார் எந்த அளவுக்குக் கடன்பட்டவர்கள்? ஒருநாள் சோறிட்டு மறுநாளும் இட்டபோதே அந்தப் பொறுப்பு வந்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பலர் கருதுவதுபோல அது இரக்கத்தால் மட்டும் நிறைவேறிவிடுவது அன்று. இரக்கம் மட்டுமே கொண்டு தொடங்கிய சிகிச்சையால் இறந்துபோகும் பூனைகளும் உண்டு.

கடித்த விலங்கு எது என்பதைப் பொறுத்தே காயத்தின் தன்மை அமைகிறது. மற்றொரு பூனையோடு மோதித் திரும்பிய பூனையின் உடலில் பெரும்பாலும் பார்ப்பதற்கு ஒன்றுமே இராது. பூனையின் கோரைப்பல் மெலிந்து கூரானது; அது தோலைத் துளைத்து உள்ளே சென்று, வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா முதலிய நுண்ணுயிர்களைத் தசைக்கு அருகில் விட்டுவிட்டு வெளியேறுகிறது; துளையோ விரைவில் மூடிக்கொள்கிறது. மேலே தோல் ஆறிவிட்டதாகத் தோன்ற, உள்ளே காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் மடிந்து குவிந்து, இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் சீழ்க்கட்டி திரள்கிறது. சண்டை நடந்த இரவில் வீட்டார் கவலைப்பட்டு, மறுநாள் பூனை நடமாடுவதைக் கண்டு ஆறுதலடைந்து, நான்காம் நாள் அது உண்ணாமல் சுருண்டு கிடப்பதைக் கண்டு காரணம் விளங்காமல் திகைப்பது இதனால்தான். எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும் முன்னங்காலிலும், புறங்காட்டி ஓடிய பூனைக்கு வாலடியிலும் காயம் விழுவது வழக்கம் என்பதால், தோற்றது யார் என்பதை மருத்துவர் ஓரளவு ஊகித்துவிடுவார். பூனைக்கு அதில் வெட்கம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. கட்டியைக் கீறிச் சீழை வடித்து, உட்குழியைக் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. வீட்டில் விரலால் பிதுக்கினால் சீழ் உள்ளேயே பரவக்கூடும்.

நாய்க்கடி வேறு வகையானது. நாய் கவ்விப் பிடித்து உதறும் இயல்புடையது. பூனையின் தோல் உடலோடு இறுக ஒட்டாமல் தளர்வாக அமைந்திருப்பதால், உதறும்போது தோல் கிழியாமல் நகர்ந்துகொடுக்க, அதன் அடியில் தசை நசுங்குகிறது, விலா எலும்பு முறிகிறது, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிகிறது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையாகிய உதரவிதானம் கிழிந்துவிடுவதும் உண்டு. வெளியே தெரிவன இரண்டு பற்குறிகள் மட்டுமே. ஆகவே நாய் கவ்விய பூனையைக் காயத்தின் அளவைக் கொண்டு எடைபோடுவது பிழை. வாயைத் திறந்து மூச்சு விடுதல், ஈறு வெளிறுதல், பாதம் குளிர்ந்துபோதல், சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. இவை எதுவும் தென்படாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

இதில் கூடுதல் இடர் ஒன்று உண்டு: பூனை தன் வலியைச் சொல்லாது. சிறு இரையை வேட்டையாடும் அதே உயிர் பெரிய விலங்குகளுக்குத் தானே இரையாகவும் இருந்து வந்ததால், நோவை வெளிக்காட்டுவது தன்னைக் காட்டிக்கொடுப்பதாக முடியும் என்னும் பழைய காட்டு நியதி அதன் இயல்பில் ஊறிப்போயிருக்கிறது. தொண்டைக்குள் எழுப்பும் கரகரப்பொலி மகிழ்ச்சியின் அடையாளம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. ஆனால் கடும் வலியிலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை அவ்வொலியை எழுப்புவதுண்டு. எனவே அதன் முகத்தைப் படிக்கக் கற்பது அவசியமாகிறது. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல் இதற்கெனவே உருவானது. காதுகளின் நிலை, கண்களின் சுருக்கம், மூக்கையும் வாயையும் சூழ்ந்த பகுதியின் இறுக்கம், மீசைமயிரின் போக்கு, தோளோடு ஒப்பிட்டால் தலை நிற்கும் உயரம் ஆகிய ஐந்துக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண் இட்டு, பத்துக்கு நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் வலிமருந்து தேவை என்று முடிவு செய்வது அதன் முறை. ஆண்டுக்கணக்கில் மடியில் வைத்துக் கொஞ்சிய முகத்தை இவ்வாறு கூர்ந்து பார்த்தவர் மிகச் சிலரே. கொஞ்சுதலுக்குக் கவனம் தேவைப்படுவதில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

வலி இருக்கிறது என்று அறிந்தபின், வீட்டு மருந்துப்பெட்டியை நோக்கிக் கை நீள்கிறது. பேராபத்து தொடங்குவது இங்கேதான். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் மனிதர் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிட வல்லது. மனிதரின் கல்லீரல் அம்மருந்தைக் குளுகுரானிக் அமிலத்தோடு இணைத்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றுகிறது. பூனையின் கல்லீரலுக்கு அவ்வாறு இணைக்கும் திறன் மிகக் குறைவு என்பதால், நச்சாக மாறிய மருந்து குருதியின் சிவப்பணுக்களைத் தாக்கி, அவை உயிர்வளியைச் சுமக்க இயலாதபடி செய்துவிடுகிறது. ஈறு பழுப்பேறி, முகமும் பாதமும் வீங்கிச் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறலாம். தரை துடைக்கும் பினாயிலும், மனிதரின் காயங்களுக்கு இடும் டெட்டால் போன்ற திரவங்களும் இதே காரணத்தால் பூனைக்கு ஆகாதவை. தோலில் பூசியதையெல்லாம் அது நக்கி விழுங்கிவிடும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், காப்பித்தூள் என்று தலைமுறைகளாக வந்த கைவைத்தியங்களும் காயத்தை அடைத்து மருத்துவரின் கண்ணுக்கு மறைக்கவே உதவுகின்றன. செய்யத்தக்கது எளியது: கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அந்நீரால் காயத்தைக் கழுவி, குருதி வழிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடித்து, பூனையைக் கொண்டுசெல்வது. பாசத்தோடு மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தவருக்கும் பகைமையோடு நஞ்சு வைத்தவருக்கும் நோக்கத்தில் மலையளவு வேறுபாடு உண்டு. பூனையின் குருதி நோக்கத்தை அறியாது.

அறிந்தவரும் கடக்க வேண்டிய அடுத்த தடை, அறிந்ததைச் செய்யப் பூனை உடன்படாது என்பது. தமிழ் வைணவ மரபில் இறையருளை விளக்கக் கையாளப்படும் இரு நியாயங்கள், அதாவது உவமை வழிப்பட்ட வாதங்கள், இங்கே நினைவுக்கு வருகின்றன. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல அடியவரும் தம் முயற்சியால் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கூறும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாதிருக்கத் தாயே கவ்விச் செல்வதுபோல அருள் தானே வந்து தாங்கும் என்பது தென்கலையார் கூறும் மார்ச்சால நியாயம். காயமுற்ற பூனையைப் பேணுவோருக்கு இவ்விரண்டும் கைகொடுப்பதில்லை. அது பற்றிக்கொள்வதும் இல்லை, தாங்கிச் செல்ல விடுவதும் இல்லை; பிறாண்டுகிறது, கடிக்கிறது, கட்டிலுக்கு அடியில் எட்டாத மூலைக்கு ஓடுகிறது. தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வுவதைக் கண்டு, வளர்ந்த பூனையையும் பிடரியில் பற்றித் தூக்குவது பலரது வழக்கம். அது அச்சத்தையும் வலியையும் மிகுவிப்பதால் இன்றைய பூனை மருத்துவ வழிகாட்டல்கள் அதை விலக்குகின்றன. தடித்த துண்டால் உடலைப் போர்த்திச் சுருட்டி, மேற்புறம் திறக்கும் கூடையில் வைப்பதே தக்கது. பிறகு வரும் நாட்களில் மாத்திரையை வாய்க்குள் தள்ளுவதும், காயத்தை நக்காதிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவதும், பழகிய மாடியை மூடி ஓரறையில் அடைப்பதும் அதன் பார்வையில் கொடுமைகளே. தன் நன்மையை விளக்கிச் சொல்ல இயலாத ஓர் உயிரின்மேல் அதன் விருப்பத்திற்கு மாறாக வலிமையைச் செலுத்தும் உரிமை எங்கிருந்து வருகிறது? அன்பிலிருந்து வருகிறது என்பது போதாத விடை. அவ்வலிமை எவ்வளவு வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் உழைப்பிலிருந்து வருகிறது என்பதே ஏற்கத்தக்கது. முதுகெலும்பு முறிந்து மீளமுடியாதென்று மருத்துவர் உறுதிசெய்த நிலையில், வலியை நீட்டிப்பதா அமைதியாக முடித்துவிடுவதா என்னும் கடினமான முடிவுக்கும் இதே அளவுகோல்தான். வீட்டார் பிரிய மனமில்லாமல் நீட்டிக்கும் நாட்களைப் பூனையே அனுபவிக்கிறது.

காயம்பட்ட பூனையைப் பேணும் கடன் அதனோடு முடிவதில்லை. கடித்த நாய்க்கு ரேபிஸ் எனப்படும் வெறிநோய் இருந்திருந்தால், அது பூனைக்கும், பூனையின் வழியாக வீட்டாருக்கும் தொற்றக்கூடும்; அறிகுறி தோன்றியபின் அந்நோய்க்கு ஏறத்தாழ மீட்சியே இல்லை. நாய்க்கடிக்கு மட்டுமே ஊசி என்னும் எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. அச்சத்தில் பூனை கடித்துக் குருதி வந்தாலோ, கீறல் பட்ட கையில் அதன் உமிழ்நீர் பட்டாலோ, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியையும், மருத்துவர் தேவையென்று கருதினால் எதிர்ப்புரதத்தையும் பெற வேண்டும். கடிபட்ட பூனைக்கும் மருத்துவர் குறிக்கும் நாட்களில் தவறாமல் ஊசி போட வேண்டும். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் நிறுவப்பட்டு, வெறிநோய்த் தடுப்பு மருந்து நூறாண்டுக்கும் மேலாகக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஒரு நாட்டில், ‘வீட்டுப் பூனைதானே’ என்று கைகழுவுவதை அறியாமை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது.

இனி, கடித்த விலங்கின்மேல் எழும் சினத்தைப் பற்றியும் ஒரு சொல். பூனை கடிபட்ட மறுநாள் தெருநாய்மேல் கல்லெறிவதும், அடுத்த தெருப் பூனைக்குப் பொறி வைப்பதும் அரிதல்ல. சோழர் தம் குலமுதல்வராகப் போற்றிய சிபியின் கதையில் பலரும் மறப்பது பருந்தின் பக்கத்தை: புறாவைக் காத்த மன்னன் பருந்தைக் குற்றவாளியாக்கவில்லை, அதன் பசியும் நியாயமென்று ஒப்புக்கொண்டதால்தான் தன் தசையை அறுத்துத் தந்தான். காயம்பட்டுக் கிடக்கும் இதே பூனை சென்ற வாரம் அணிற்குஞ்சு ஒன்றைக் கவ்வி வந்தபோது, வீட்டார் சிரித்துக்கொண்டே அதை அப்புறப்படுத்தியிருப்பார்கள். அணிலுக்காக அழாதவர் பூனைக்காக அழக்கூடாது என்பது இதன் பொருளன்று; வளர்த்த உயிரிடம் கூடுதல் கடப்பாடு இருப்பது இயல்பு. ஆனால் அக்கடப்பாடு நாயைத் தண்டிக்கும் உரிமையாக மாறுவதற்கு எந்த நியாயமும் இல்லை. தேவையற்ற வலியைத் தடுக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் கூறியது, விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்போரைப் பார்த்து. தெருநாயைப் பார்த்து அன்று.

புண் ஆறியபின் கதவைத் திறப்பதா மூடுவதா என்பதே எஞ்சும் கேள்வி. வெளியே போகும் பூனைக்குச் சண்டையும் வண்டியும் நாயும் உண்டு. பூனைகளின் நோயெதிர்ப்பாற்றலை அழிக்கும் எஃப்.ஐ.வி. என்னும் நச்சுயிரி கடியின் வழியாகவே பெரிதும் பரவுகிறது. அது மனிதருக்குத் தொற்றாது; தொற்றிய பூனையை வாழ்நாள் முழுவதும் விடுவதுமில்லை. அடைத்து வைத்த பூனைக்கோ சலிப்பும் உடற்பருமனும் காத்திருக்கின்றன. கூரையில்லாத முற்றமும் அடுத்தடுத்து ஒட்டிய மொட்டைமாடிகளும் கொண்ட நம் தெருக்களில் முழுக்க அடைப்பது நடவாத செயல் என்றாலும், சண்டைகள் மிகுந்த இரவு நேரத்தில் மட்டுமாவது கதவை மூடுவது எல்லாருக்கும் இயலும். ஆண்பூனைக்குக் காயடிப்பது எல்லைச் சண்டையைக் கணிசமாகக் குறைக்கும். அதை இரக்கமற்ற செயலென்று தயங்குவோர் வாலடிச் சீழைக் கழுவும் வேலையையும் எண்ணிப் பார்க்கலாம். பூனை வளர்க்கும் வீட்டார் அடுத்த சண்டைக்குக் காத்திராமல் இந்த வாரமே மூன்றைச் செய்துவிட வேண்டும்: மூன்று மாதம் நிறைந்த பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு மறு ஊசியின் நாளைக் குறித்துவைத்தல், இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்து அதன் எண்ணைச் சுவரில் எழுதுதல், பூனையைத் தூக்கிச் செல்லும் கூடையைப் பரண்மேல் போடாமல் அது படுத்துப் பழகும்படி கூடத்திலேயே திறந்து வைத்தல்.