அடிச்செடியின் பெயர்

ஹனோவர் நகருக்கு நடுவே சுமார் 640 ஹெக்டேரில் கிடக்கிறது ஐலன்ரீடெ காடு. அங்கே நடக்கும்போது மேப்பிள் இலைக்காம்பைக் கிள்ளிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நார்வே மேப்பிள் என்றால் கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் துளிக்கும். சைக்கமோர் மேப்பிளில் பால் இருக்காது. இலையை வைத்துப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி. ஆனால் ஒட்டுக் கட்டுகிறவர் இலையை நம்பி இறங்கக் கூடாது.

மேப்பிளில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். தாவரவியலார் அவற்றைப் பிரிவு பிரிவாக வகுத்திருக்கிறார்கள். ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடியான அடிச்செடியைத் தேட அந்தப் பிரிவுதான் முதல் துணை. செவ்விலை நார்வே ரகங்களுக்கு நார்வே மேப்பிள் நாற்று. சன்ன இலை ஜப்பான் ரகங்களுக்கு, விதையில் முளைத்த பச்சை இலை ஜப்பான் மேப்பிள். வரிப்பட்டை மேப்பிள்களுக்கு அவற்றின் பிரிவுக்குள்ளேயே தேட வேண்டும்.

*

பிப்ரவரி. கண்ணாடிக் கூடத்தில் தொட்டி நாற்றுகள், பென்சில் பருமன். தண்ணீரைக் குறைத்தே வைக்க வேண்டும். சாறு வேகமாக ஏறினால் வெட்டுவாயில் வடிந்துகொண்டே இருக்கும், ஒட்டு பிடிக்காது. தண்டின் பக்கத்தில் மெல்லியதாக ஒரு சீவல். பட்டைக்கு அடியில் ஈரமாக மின்னும் பச்சைப் படலத்தோடு, ஒட்டுக்குச்சியின் படலம் ஒரு ஓரமாவது சேர வேண்டும். பிறகு ரப்பர் நாடா. இந்த ஓரத்தில் அவசரப்படாத கைகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

*

தமிழ்நாட்டில் சுண்டை வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுகிறார்கள், மண்ணிலிருந்து வரும் நோய்க்குத் தப்ப. அங்கே விளைச்சல் காலம் முழுக்க ஒட்டு தாங்கினால் போதும். மரமோ பல பத்தாண்டுகள் நிற்க வேண்டியது. முதல் வசந்தத்தில் துளிர்த்ததை வைத்து ஒட்டு பொருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்கச் சிவப்பு மேப்பிளைச் சொந்த இனத்து நாற்றிலேயே ஒட்டினார்கள். நன்றாக வளர்ந்த மரங்கள் சில ஆண்டுகள் கழித்து ஒட்டுவாயில் முறிந்தன. ஒரே இனமானாலும் விதைக்கு விதை குணம் மாறுகிறது. அதனால் அமெரிக்காவில் பல நாற்றுப்பண்ணைகள் இந்த மரத்துக்கு ஒட்டை விட்டுவிட்டு, குச்சியை நேரே வேர்விட வைக்கின்றன.

*

புதிய ரகங்களைச் சோதித்து உரிமை தரும் ஜெர்மனியின் மத்திய அலுவலகம் இதே ஹனோவரில்தான் இருக்கிறது. இலை நிறம், கிளை வாகு எல்லாம் பார்த்துத்தான் ரகத்துக்குப் பெயர் பதிவாகிறது. கடையில் தொங்கும் அட்டையிலும் அந்தப் பெயர்தான். மண்ணுக்குள் இருப்பது யார் என்று எழுதிய அட்டையை நான் பார்த்ததில்லை. அடிச்செடி எந்த இனம், விதை எந்த ஊர் மரத்தது என்று இன்னொரு வரி அதில் சேர்க்கலாம். பதினைந்து வயதில் ஒட்டுவாயில் மரம் முறிந்தால், காரணம் தேடுகிறவருக்கு அந்த வரி வேண்டும்.