கிரவுண்டுக்கு வா, குளுக்கோஸோடு வா

சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானுடனான டெஸ்டில் நடந்ததை உன் அப்பாவிடம் கேள், தம்பி. 136 ரன்னில் நின்ற சச்சின், சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார். மேலே போன பந்துக்குக் கீழே நின்று பிடித்தவர் பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம். 12 ரன்னில் நாம் தோற்றோம். வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு கூட்டம் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டியது. அந்தக் கேட்சைப் பிடித்தவை தினமும் இன்சுலின் ஊசி பிடித்த கைகள். 1997-லேயே அவருக்கு டைப் 1 சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். வேகப்பந்து போடுகிறவர், முப்பது வயதும் ஆகிவிட்டது. ஒதுங்கிக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஒதுங்கவில்லை. 2003 உலகக் கோப்பையில், ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆள் ஆனார்.

அதே டைப் 1 சர்க்கரையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? ஷூ வாங்கி, பெட்டியோடு பரண்மேல் போட்டு வைத்திருக்கிறாய்!

"உனக்கெதுக்குப்பா ஓட்டமும் ஆட்டமும், எங்கயாவது மயங்கி விழுந்து வைக்கப் போறே" என்று அம்மா சொல்லியிருப்பாள். பல வருஷம் அதையே கேட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தவன்தான் நானும். அந்தப் பயம் பொய் என்று சொல்லி உன்னை உசுப்பேற்ற நான் வரவில்லை. நானே விழப் போனவன்.

முதல் நாள் ஓட்டம். சாயங்காலம் நாலு இட்லி, அதற்கு முழு டோஸ் ஊசி, அதுவும் தொடையில். முக்கால் மணி நேரத்தில் கிரவுண்டில் நிற்கிறேன். நாலாவது சுற்றில் சட்டை தொப்பலாக நனைந்தது. ஓடுகிறவனுக்கு வியர்க்காதா என்று விட்டுவிட்டேன். அடுத்தது படபடப்பு. அதையும் ஓட்டத்தின் கணக்கில் எழுதினேன். சுகர் இறங்குவதற்கும் ஓடிக் களைப்பதற்கும் உடம்பு ஒரே மணியைத்தான் அடிக்கும், இதில் உள்ள சூதே அதுதான். ஆறாவது சுற்றில் கால் பின்னியது. சிமெண்ட் படியில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தேன். பிரிக்க வரவில்லை. உறையைக் கிழிக்கும் அந்தச் சிவப்பு நாடாவின் நுனி கண்ணுக்கே அகப்படவில்லை, விரல் தந்தியடித்தது. பந்து பொறுக்க வந்த ஒரு பொடியன்தான் வாங்கிப் பல்லால் கடித்துப் பிரித்துக் கொடுத்தான்.

அன்றோடு பிஸ்கட்டுக்கு விடை கொடுத்தேன். கொழுப்பு கலந்த பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும். இப்போது என்னிடம் இருப்பது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் முன்கூட்டியே கரைத்த சின்ன பாட்டில். சுமார் 15 கிராம். ஓடும்போது சுகர் 70-க்குக் கீழே போனால் நின்று குடி, 15 நிமிஷம் பொறு, மறுபடி பார். ஏறாமல் ஓர் அடி எடுத்து வைக்காதே.

நான் விழப் போனதற்குக் காரணம் விதியா? மண்ணாங்கட்டி! ஓடுகிற தசை, இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுக்கும். கணையம் வேலை செய்கிறவனுக்கு அந்த நேரத்தில் இன்சுலின் தானாகக் குறையும். நமக்குப் போட்ட ஊசி போட்டதுதான், தோலுக்கடியில் போனதைத் திரும்ப வாங்க முடியாது. தொடையில் போட்டு ஓடினால் இன்னும் வேகமாக ரத்தத்தில் சேரும். சாப்பாட்டு ஊசி போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஓடுவதாக இருந்தால், அந்த டோஸைக் கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரைகூடக் குறைப்பது உண்டு. உனக்கு எவ்வளவு என்று உன் டாக்டரிடம் கேட்டு, தாளில் எழுதி வாங்கு. கேட்க வெட்கப்படாதே, உன் உடம்பு!

பயந்துபோய் ஊசியையே நிறுத்திவிட்டு ஓடுகிற வீரர்களும் உண்டு. அது இன்னொரு கிணறு. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஏறும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சாவைத் தள்ளிப்போடத்தான் வைத்தியர்களால் முடிந்தது. அப்படிக் கிடைத்த மருந்தைத் தூக்கி எறிவதற்குப் பெயர் தைரியமா?

தன்னம்பிக்கைக் கூட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொல்வார்கள். நாம் கண்ணைத் திறந்துகொண்டு மீட்டரைப் பார்க்க வேண்டியவர்கள். கிளம்பும் முன் விரலைக் குத்து. 90-க்குக் கீழா? முதலில் வாயில் ஏதாவது இனிப்பு, ஏறிய பிறகு ஷூ. 90-க்கும் 125-க்கும் நடுவிலா? 10 கிராம் குளுக்கோஸ் போட்டுக்கொண்டு கிளம்பு. 126-லிருந்து 180-க்குள்ளா? ஓடுடா ராஜா! காரணமே புரியாமல் 270-ஐத் தாண்டி நிற்கிறதா? இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். அதைப் பார்க்கும் ஸ்ட்ரிப் மருந்துக்கடையில் கிடைக்கும், பார்த்துவிடு. கீட்டோன் இருந்தால் இன்று ஓட்டம் இல்லை. முந்தின நாள் நினைவு தப்பும் அளவுக்குச் சுகர் இறங்கியிருந்தாலும் இல்லை. டாக்டர் உனக்கென்று வேறு எண் சொல்லியிருந்தால் உனக்கு அதுதான் சட்டம். கிரவுண்டில் கூட ஓடுகிற ஒருத்தரிடமாவது 'எனக்கு இன்சுலின் சர்க்கரை' என்று சொல்லி வை. அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஒன்றில் ஏமாந்துவிடாதே. நூறு மீட்டரை வெறிகொண்டு ஓடினால் சுகர் இறங்குவதற்குப் பதில் ஏறும். அட்ரினலின் செய்யும் வேலை அது. பதறிப்போய் அதற்கொரு ஊசி போட்டுவிடாதே, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுது. மணி, சுகர், எத்தனை சுற்று, முடித்ததும் சுகர். இரண்டு வாரம் எழுதிப் பார். ஊரில் யாருக்கும் தெரியாத உன் உடம்பின் ரகசியம் உனக்குத் தெரிந்திருக்கும்.

ராத்திரியும் கணக்கில் உண்டு. காலியான தசைகள் தூக்கத்திலும் சர்க்கரையை இழுத்து நிரப்பிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஓடினால் நடுநிசி தாண்டிக்கூட இறங்கலாம். படுக்கும் முன் பார். முதல் சில நாள் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தும் பார். நான் அம்மாவையும் எழுப்பினேன். இரண்டு நாள் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மீட்டரைத் தன் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படித்தாள்.

"நூத்தி முப்பத்திரெண்டு. போய்ப் படு. நாளைக்கு அந்தக் குளுக்கோஸ் பாட்டிலக் கழுவிட்டுக் கரைச்சு எடுத்துட்டுப் போ, எறும்பு மொய்க்குது."