இன்ஜினை இறக்கும் முன்

திருக்கோவிலூரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையிலும், தென்பெண்ணையைத் தாண்டித் திருவண்ணாமலை போகும் சாலையிலும் எப்போதாவது ஓர் அம்பாசிடர் இன்னும் கண்ணில் படுகிறது. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோனதால், கடைசியாக வெளிவந்த வண்டிக்கே வயது பத்தைக் கடந்துவிட்டது. இதை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் ஒரு கேள்வி வந்தே தீரும். வண்டி இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. இருக்கிற இன்ஜினையே டியூன் செய்து, தேவைப்பட்டால் போர் வேலை பார்த்து ஓட்டுவதா? அதை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதா? இந்தக் கேள்வியில் செலவுக் கணக்கு பாதிதான். ஒன்று உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா, அல்லது நாம் அதைக் கவனிக்காமல் விட்டதால் தளர்ந்திருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பது மீதிப் பாதி. அலுப்பையும் தேய்மானத்தையும் நாம் அடிக்கடி ஒன்றாக எண்ணிக்கொள்கிறோம். அளந்து பார்க்காமல் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் மாற்றத்தின் பக்கமே சாய்கின்றன.

அளப்பது கடினமான வேலை அல்ல. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் இன்ஜின் தன் நிலையை மறைக்காது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்து, நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுத வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோல், போதுமான அளவில் இருந்தால் இன்ஜினின் உடம்பு நன்றாக இருக்கிறது. குறை பெரும்பாலும் பாயிண்ட் இடைவெளியிலோ டைமிங்கிலோ டப்பெட்டிலோ கார்புரேட்டர் ஜெட்டிலோதான் இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால், பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. ஒரு காலைப் பொழுதில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பல இன்ஜின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த வண்டியில் அது ஏறத்தாழ 50 குதிரைத்திறன்தான் தந்தது. அதே 1489 சிசி இன்ஜின், 1955-இல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இரட்டை கார்புரேட்டருடன் 70 குதிரைத்திறனை ஒட்டித் தந்தது. திருக்கோவிலூரில் ஓடும் வண்டியையும் அப்படி ஆக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பலவீனமானது என்று நாம் முத்திரை குத்திய பொருளுக்குள் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது என்பதற்கு இது சான்று.

மாற்றத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான சான்றும் அம்பாசிடரிடமே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தப் பழைய உடலுக்குள் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை வைத்தது. திறன் 75-ஐ எட்டியது, வண்டிக்குப் புது உயிர் வந்தது. ஆனால் ஆலை இன்ஜினோடு நிற்கவில்லை, ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே கொடுத்தது. சென்னையில் இதற்கு நேர்மாறான பாடம் நடந்தது. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1, அது 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. இன்ஜினோ 1940-களின் வான்கார்டு காரிலிருந்து வந்த பழைய இரண்டு லிட்டர் வடிவம். அழகான உடலுக்குப் பொருந்தாத அந்த இன்ஜினோடு கார் பெட்ரோலைக் குடித்தது, விலையும் அதிகம். 1988-இல் கதை முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது: இன்ஜின் புதியதா பழையதா என்பதைவிட, அது தன்னைச் சுற்றியுள்ளவற்றோடு ஒத்துப்போகிறதா என்பதே வண்டியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

பட்டறையில் இன்ஜின் மாற்றும்போது மறக்கப்படுவது இதுதான். வேறு கம்பெனி டீசல் இன்ஜின் ஒன்றை ஏற்றினால் மவுன்ட், கிளட்ச், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாம் மாற வேண்டும். அம்பாசிடரின் முன்பக்க டார்ஷன் பார் குறிப்பிட்ட எடையைத் தாங்கும்படி அமைக்கப்பட்டது. அதிக எடை ஏறினால் மூக்கு தாழ்ந்து, ஸ்டீயரிங் கனமாகும். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலையை எண்ணிப் பாருங்கள். ஏறும்போது கூடுதல் இழுவை இன்பம்தான். இறங்கும்போது நம்மைக் காக்க வேண்டியது பிரேக், பழைய வண்டிகளில் அது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இழுவையை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்தும் வலிமையை அப்படியே விடுவது, மலைச் சாலையில் வண்டியில் இருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

பழுது பார்க்கத் தொடங்கினால் முடிவே இல்லை, இன்று பிளக், நாளை கார்புரேட்டர், மறுநாள் ஹெட் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எங்கே குறை என்று அளக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதால் வரும் செலவு அது. இன்னொரு ஆட்சேபம் இன்றைய பெட்ரோல் பற்றியது: 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருள் பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் கெடுக்கும். கரும்பை நம்பியிருக்கும் திருக்கோவிலூர்ப் பகுதியில் எத்தனால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டு, கலவை மெலிந்துவிடாதபடி ஜெட்டைத் திருத்தினால் பெரும்பாலும் போதும். புகையைப் பற்றிய ஆட்சேபத்தை மட்டும் நான் முழுமையாகத் தள்ளிவிட மாட்டேன். எவ்வளவு டியூன் செய்தாலும் 1950-களின் வடிவமைப்பு இக்கால இன்ஜினின் சுத்தத்தை எட்டாது. தினமும் நெடுந்தூரம் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இந்தக் காரணம் கனமானது. வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் போகும் வண்டிக்கு அவ்வளவு இல்லை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜினை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாற வேண்டும். இதைச் செய்யாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது சிக்கல் எழும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பிளாக் வெடித்திருந்தால், அல்லது கடைசி ஓவர்சைஸ் வரை போர் செய்து, கிராங்கும் கடைந்து தீர்ந்திருந்தால் மாற்றுங்கள். அப்போதும் அந்த வண்டிக்கு ஆலையே கொடுத்த இசுசு இன்ஜினை அதன் கியர் பெட்டியோடு தேடுங்கள், பிரேக்கையும் சேர்த்துப் பாருங்கள், ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள். மற்ற எல்லா நிலைகளிலும் இருக்கிற இன்ஜினைச் சரிசெய்து ஓட்டுவதே சரி. மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொன்னால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்களை முதலில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.