பிழை யாருடையது?

மாத்தளை மலைத்தோட்டங்களில் தொழிலாளி ஒருவர் இறந்தால், லயமே திரண்டு துயரைப் பகிர்ந்துகொள்கிறது. கருமாதி முடிந்ததும் தொடங்கும் காகிதச் சோதனையைப் பகிர்ந்துகொள்வார் எவருமிலர்.

1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்தது ஊழியர் சேமலாப நிதி. இறந்த தாயின் சேமிப்பு பிள்ளைகளின் உரிமை, சலுகையன்று. ஆயினும் அதனைப் பெற மரணச் சான்றிதழும் அடையாள அட்டையும் தோட்டப் பதிவேடும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இராமாயி, அட்டையில் ராமி! எழுத்தறிவு மறுக்கப்பட்டவள் தன் பெயரைத் தானே எழுதவில்லை. எழுதியது அலுவலகத்தின் கை. அப்பிழைக்காக நாட்கூலியை இழந்து அலுவலகப் படியேறுவோர் அவள் பிள்ளைகள்.

இது புதிய அநீதியன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவுமாறு தோட்டத் தமிழரைக் கேட்டது. இறந்தோரின் காகிதமில்லாமையால் உயிரோடிருந்தோர் நாடற்றவராயினர். 2003 இல் வந்த சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை அளித்தது. நிரூபிக்கும் சுமையோ ஏழையின் தோளிலிருந்து இறங்கவில்லை.

மோசடியைத் தடுக்கச் சான்று வேண்டாமா என்பர். வேண்டும். ஆனால் ஏடும் எழுதுகோலும் எவர் கையில் இருந்தனவோ, அவரே பிழையைத் தேடித் திருத்தக் கடமைப்பட்டவர். உழைப்பைக் கணக்கிடுகையில் ஆளை ஐயுறாத ஏடு, ஊதியத்தின் மிச்சத்தைத் தருகையில் மட்டும் ஐயுறுவது எவ்வகை அறம்?