கார்லே மலையில் ஒரு மழைப்பொழுது



ஆவணி மாதத்தில் மலைக்காட்சி காண மோட்டாரில் புறப்படாத குடும்பம் புனே நகரில் அரிது. யாமும் அன்னையார், மனைவி மக்களுடன் ஒரு ஞாயிறன்று புறப்பட்டோம். தேகு ரோட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் புத்தர் திருவுருவை நிறுவிய விகாரையில் வணங்கிவிட்டு, பழைய பம்பாய்ச் சாலையில் மேற்கே சென்றோம். சகியாத்திரி மலைகளெங்கும் பசுமை. பாறை முகடுகளிலிருந்து நூல்நூலாய் அருவிகள். ஒவ்வோர் அருவிக்கும் குழந்தைகள் கூவினர்.

கார்லே மலையில் படியேறிச் சென்றால் சைத்தியக் குகையின் வாயிலுக்கு முன்னரே ஏகவீரா தேவியின் கோயில் நிற்கிறது. கொங்கணக் கடற்கரையின் கோலி மீனவர்க்கு அவள் குலதெய்வம். பூவும் தேங்காயுமாய் நின்ற பெண்களைக் கண்டதும் அன்னையாரின் கைகள் தாமே குவிந்தன. யாமோ பலர் முன்னிலையில், "திரிசரணம் ஏற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் இதுவா, அம்மா?" என்று கடிந்தோம். அவர் கைகளைத் தாழ்த்திக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

குகைக்குள் நுழைந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. வெளியே அடி வைக்க இயலவில்லை. கண்டாலாவும் பிற காட்சிகளும் தவறிப்போகுமே என்று குழந்தைகள் முணுமுணுத்தனர். மழைக்காலத்தில் ஊர்சுற்ற விரும்பும் நமக்கு அவ்விடம் ஒன்றை நினைவூட்டுகிறது. பசும்புல்லும் சிற்றுயிர்களும் மிதிபடுகின்றன என்று மக்கள் குறை கூறியபோது, பகவான் பிக்குகளுக்கு மூன்று மாத மழைக்கால உறைவை விதித்தார். கடற்றுறைகளிலிருந்து கணவாய் ஏறித் தக்கணம் செல்லும் வணிகப் பெருவழியை ஒட்டி, அவ்வாறு தங்குவதற்கு ஏற்ற குகைகள் இம்மலைகளில் குடையப்பட்டன. கார்லே மண்டபத்தின் நீளம் சுமார் 124 அடி. ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முற்பட்ட மர வளைவுகள் அதன் கூரையில் இன்றும் உள்ளன. அதனை நிறைவு செய்தவன் வைஜயந்தி நகரத்து வணிகன் பூதபாலன். தச்சரும் வாசனைப் பொருள் விற்போரும் யவனரும் பிக்குணியரும் தத்தம் பங்கைக் கொடுத்துப் பெயர் பொறித்துள்ளனர்.

அமர்ந்திருந்தபோது சிகாலோவாத சூத்திரம் எம் நினைவிற்கு வந்தது. இராசகிருகத்தில் நனைந்த ஆடையும் நனைந்த கூந்தலுமாய் ஆறு திசைகளையும் வணங்கி நின்றான் சிகாலன். இறந்துபட்ட தந்தையின் சொல்லைக் காப்பதற்காக அவ்வாறு வணங்கினான். பகவான் அவனை எள்ளவில்லை, காரணத்தைக் கேட்டார். பின்னர், கிழக்குத் திசை என்பது தாய் தந்தையரே என்று பொருள் விளக்கினார். திரிசரணத்தில் தளர்வு கூடாது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் யாம் காரணம் கேட்கவில்லை; கிழக்குத் திசையைப் பலர் முன் நாணச் செய்தோம். கொள்கைப் பற்று என்று எண்ணியதில் பாதி, பிறர் என்ன நினைப்பரோ என்ற கூச்சமே.

அன்னையார் அருகில் சென்று, பொறுத்தருளும்படி வேண்டினோம்.

"உனக்கு ஐந்து வயதில் அம்மை கண்டபோது இருபத்தோரு நாள் குவித்த கை, அப்பா. இன்னும் மறக்கவில்லை" என்றார்.

பேச்சை மாற்ற எண்ணி, அங்குள்ள கல்வெட்டொன்றைப் பற்றிக் கூறினோம். மகாதேவணகன் என்னும் இல்லறத்தானின் தாய் பாயிலா அளித்த கொடை அது.

"பிள்ளைக்காக என்ன கேட்டு எழுதியிருக்கிறாள்?"

"கேட்டதாக ஒன்றுமில்லை, அம்மா. கொடுத்தாள் என்று மட்டுமே உள்ளது."

அன்னையார் நெடுநேரம் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை தணிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கண்டாலாவிற்கு அன்று செல்லவில்லை. திரும்பும் வழியில் கோயில் வாயிலருகே அன்னையார் ஒருகணம் தயங்கி எம் முகத்தை நோக்கினார். யாம் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்து, அவர் மீண்டும் நடக்கும்வரை நின்றோம்.